ஐந்தே முக்கால் கிலோ இரும்பு

நீங்கள் எழுதி வைத்திருக்கும் அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தையில்தான் எனக்கு ஆட்சேபம் இன்ஸ்பெக்டர் ஐயா. மூன்றாவது வரியில் 'கவனக்குறைவு' என்று இருக்கிறது. மற்றதெல்லாம் சரி. என் பெயர் அர்த்தநாரி, வயது நாற்பத்தைந்து, சங்ககிரி பைபாஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளட்ச் வேலை செய்கிறேன், இறந்துபோன நந்தகுமார் என் தங்கை கலைமணியின் வீட்டுக்காரர். எல்லாம் பிசகில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு போல்ட்டைக் கையால் முறுக்கிவிட்டு அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போகிற ஆள் நான் இல்லை. இந்த வட்டாரத்தில் எந்த லாரிக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஏன் என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இது உங்களுக்குப் புரியாது. எஞ்சினின் பின்பக்கம் கனமான ஒரு இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் ஃபிளைவீல். கிளட்ச் பிளேட் அதன்மேல் போய் அழுந்தினால் வண்டி நகரும், விலகினால் இழுவை நிற்கும். லாரிக்குக் கனமான ஃபிளைவீல்தான் நல்லது, பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சின் அணையாது. ரேஸ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது ஆகாது. எடை குறையக் குறைய எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். அதனால் கம்பெனி போட்ட பன்னிரண்டு கிலோவைக் கழற்றிவிட்டு அதில் பாதி எடைக்கு ஒன்று போடச் சொல்வார்கள். நாலைந்து வருஷமாகத் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கமிருந்து போர்வெல் ரிக் முதலாளி வீட்டுப் பையன்களும் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பையன்களும் இதற்காகவே என்னிடம் வருகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் எது பெஸ்ட் என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. பெஸ்ட் என்று ஒன்று கிடையாது. வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள், எங்கே ஓட்டப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊருக்குள் ஓட்டவும் வேண்டும், பெண்டு பிள்ளைகளும் ஓட்டுவார்கள் என்றால் மெதுவாகப் பிடிக்கிற பிளேட். ரேஸுக்கு மட்டும் என்றால் செராமிக் பிளேட், அது பிடித்தால் உடும்புப் பிடி. ஃபிளைவீல் எதுவானாலும் உருக்கில் அடித்துச் செய்ததாக இருக்க வேண்டும். வார்ப்பு இரும்புச் சக்கரத்தைக் கடைசலில் கொடுத்துச் சீவி எடையைக் குறைக்கிற வேலையைச் சில பேர் செய்வார்கள். என் பட்டறையில் அதைக் கேட்டு வந்தவனை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுற்றும்போது சீவின வார்ப்பு இரும்பு உடைந்தால் அதன் துண்டு ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் இருக்கிற தகரத்தில் நிற்காது.

இனி என் தங்கையைப் பற்றி. கலைமணிக்கு எட்டு வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கு முன்னாலேயே. எனக்கு அப்போது இருபத்திரண்டு. தலை பின்னிவிடத் தெரியாமல் முதல் ஒரு மாதம் ரப்பர் பேண்ட் போட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்பினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற பயம். பிளஸ் டூ முடித்ததிலிருந்து பட்டறையில் போன் எடுப்பது, பார்ட்ஸ் சொல்லி வரவழைப்பது எல்லாம் அவள்தான். மதியம் ஒரு மணிக்கு இரண்டு தட்டு வைப்பாள், உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைவிட எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். நல்ல இடமாக மூன்று வந்தது. பெருந்துறையில் ஒரு பேங்க் மாப்பிள்ளை, ஈரோட்டில் துணிக்கடை, மூன்றாவது நந்தகுமார். அவர் திருச்செங்கோட்டுக்காரர், சொந்த ரிக் வண்டியில் போர் போடுகிறவர், ராய்ப்பூர் பக்கம் வருஷத்தில் எட்டு மாதம் கிடப்பார். எல்லோரும் பேங்க் மாப்பிள்ளையைச் சொன்னார்கள். நான் ரிக் மாப்பிள்ளைதான் என்று ஒரே பிடியாக நின்றேன். பட்டறைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவர்களுக்கு வீடும் பார்த்துக் கொடுத்தேன். எட்டு மாதம் அவர் அங்கே, கலைமணி இங்கே. கனிஷ்கா பிறந்த பிறகு தட்டு மூன்றாயிற்று. எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

நந்தகுமார் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஒரே கிறுக்கு, கார். பின்சக்கரம் தள்ளுகிற பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி, ஊருக்கு வருகிற நாலு மாதமும் அதற்குள்ளேயே படுத்துக் கிடப்பார். கலைமணிக்கும் அதில் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். சித்திரை ஒன்றாம் தேதி என் வீட்டில்தான் சாப்பாடு. பாயசத்தைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"மச்சான், ஒரு ரோசன பண்ணியிருக்கறனுங்க. ராய்ப்பூர்ல என்ர சிநேகிதகாரன் கார் பட்டறைக்கு எடம் பாத்து வெச்சிருக்கான். ரிக்க வித்துப்போட்டு அங்கயே போயிரலாமுன்னு. ஜூன்ல பள்ளிக்கோடம் தொறக்கறதுக்குள்ள மூணு பேரும் கெளம்பிருவமுங்க."

அவரே தொடர்ந்தார். "வருசத்துல எட்டு மாசம் இவுங்க மொகத்தப் பாக்காமக் கெடக்கறனுங்க. ஊருக்கு வந்தா எம் புள்ள என்னையப் பாத்து, எப்பப் போவீங்கப்பான்னு கேக்குது. செத்துப் போலாமுன்னு இருக்குதுங்க மச்சான். இனி எங்க இருந்தாலும் ஒண்ணா இருக்கோணும்."

கலைமணியைப் பார்த்தேன். அவள் குனிந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததாக நீங்கள் விசாரித்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அவளை வளர்த்தவன் நான். அது சந்தோஷம் இல்லை, பயம். போனில் ஹிந்தி படித்துக்கொண்டிருந்தாளே என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியாத ஊரில் பாஷை தெரியாமல் என்ன செய்வோம் என்ற பயத்தில்தானே ஒருத்தி ஹிந்தி படிப்பாள். வாயைத் திறந்து, அண்ணா, எனக்குப் போக இஷ்டமில்லை என்று அவள் சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்தே அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டு செய்வேன்.

காரை அவர் கொண்டுபோவதாக இல்லை. விற்றுவிடப் போகிறார். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஆசை. கோயமுத்தூர் பக்கம் மே பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானூறு மீட்டர் ஓட்டம் ஒன்று நடக்க இருந்தது. பன்னிரண்டு வினாடிக்குள் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் ரேஸ் பேச்சையே எடுப்பதில்லை என்றார். கிளட்சும் ஃபிளைவீலும் மட்டும் நான் பார்த்துப் போட்டுத்தர வேண்டும் என்று கேட்டார். மச்சான் மாப்பிள்ளை முறையில் இதைக்கூடச் செய்யாமல் இருப்பேனா, சரி என்றேன்.

மறுவாரம் அவர் பட்டறைக்கு வந்தபோது முறைப்படி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். ஃபிளைவீல், உருக்கில் செய்தது, ஐந்தே முக்கால் கிலோ, பெங்களூரிலிருந்து வரவழைக்கலாம் என்று முடிவாயிற்று. கிளட்சில்தான் பேச்சு நீண்டது. அவருக்கு மெதுவாகப் பிடிக்கிற பிளேட் போதும் என்று எண்ணம். "விக்கற வரைக்கும் கலையும் ஓட்டோணுமுங்களே" என்றார். நான் செராமிக்தான் என்றேன். அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் இருப்பதிலேயே கடினமானதாகச் சொன்னேன். மெதுவாகப் பிடிக்கிற பிளேட் வழுக்கும், நேரம் போய்விடும், பன்னிரண்டுக்குள் வராது என்று காரணம் காட்டினேன். அது பொய்யும் இல்லை. ஆனால் எனக்கு வேறு காரணம் இருந்தது. அந்தப் பிரஷர் பிளேட்டைப் போட்டால் பெடலை மிதிக்க ஆம்பிளைக் கால் வேண்டும். வண்டி தயாரான அன்றைக்குக் கலைமணி உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தாள், பாதிகூட இறங்கவில்லை. "யப்பா, இது காரா செக்கா" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். பக்கத்து சீட்டையும் எடை குறைக்க வேண்டும் என்று சொல்லி நானே கழற்றி வைத்தேன். அவளோ குழந்தையோ அந்தக் காரில் உட்கார வழியே இல்லாமல் செய்துவிட்டுத்தான் காரைப் பட்டறையிலிருந்து வெளியே விட்டேன். இதைக் கவனக்குறைவு என்கிறீர்கள்.

பெங்களூர்ப் பெட்டி ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. அருமையான சரக்கு. துடைத்து எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள். அதுவரைக்கும் எனக்குத் தீர்மானமாக ஒன்றும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேலத்தில் பழைய பாகம் விற்கிற ஒரு கடையிலிருந்து அதே காருக்குப் பொருந்துகிற வார்ப்பு இரும்பு ஃபிளைவீல் ஒன்று எப்போதோ வாங்கிப் போட்டிருந்தேன். சூடு பட்டு அங்கங்கே நீலம் பாரித்தது, எடைக்குப் போட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை லீவு. அதைக் கடைசல் மிஷினில் ஏற்றிச் சும்மா சீவிப் பார்த்தேன். கொஞ்சம் சீவுவது, தராசில் வைப்பது, மறுபடி சீவுவது. மதியத்துக்குள் ஐந்தே முக்கால் கிலோ ஆகிவிட்டது. ஒரு கிராம் கூடக் குறைய இல்லை.

பிறகு விரிசல் பார்த்தேன். இது எங்கள் லாரிப் பட்டறை முறை. மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவி வெயிலில் வைக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்பாகக் கோடு போடும். போல்ட் துளை ஒன்றிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு வந்தது, தலைமுடி கனம்தான். விரலால் தடவினால் தெரியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பொடியைத் துடைத்துவிட்டு, உருக்கு மாதிரி தெரிவதற்கு மேலே கறுப்பேற்றி, பெங்களூர்ப் பெட்டியில் வைத்து மூடினேன்.

மாட்டுகிற அன்றைக்கு நந்தகுமார் பெட்டியைத் திறந்தார். ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இரும்பு எதைக் கண்டாலும் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார்கள். பூமிக்குள் முந்நூறு அடி இறங்குகிற ராடு உடைந்தால் பிழைப்பே போய்விடும், அதனால் வந்த பழக்கம். அவர் தட்டினார். மறுபடி தட்டினார்.

"மச்சான், சத்தம் கொஞ்சம் மொண்ணையா இருக்குதுங்களே?"

"பெட்டிக்குள்ள அட்ட மேல வெச்சுத் தட்டுனா அப்பிடித்தான் மாப்ள. எஞ்சின்ல மாட்டுனாத் தெரியும்."

அவர் அதைக் கையில் தூக்கி ஒருதரம் பார்த்தார். எடை சரியாக இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க சொன்னாச் செரிங்க. நீங்க பாத்துப் போடறதுல நான் என்னத்தத் தட்டிப் பாக்கறது" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரம் அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் கையில் எப்படி ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி அனுப்புவது என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சத்தம் அவர் காதில் தங்கிவிட்டது. வீட்டில் கலைமணியிடம் சொல்லியிருக்கிறார். ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அவள் பட்டறைக்கு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, எனக்கு என்னமோ மனசே செரியில்லீங்க. சாப்பிடப் புடிக்கல. அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்களா? செவப்பு வந்தா ஓட்டமே வேண்டாம், கார அப்படியே வித்துப்போடலாமுன்னு அவிய ஒத்துக்கிட்டாங்க."

எங்கள் குலசாமி மோகனூரைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் எங்கள் ஆட்கள் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழைச்சருகில் ஒரே மாதிரி மடித்துக் கட்ட வேண்டும். கட்டுவது வீட்டுக்குப் பெரியவர். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போடுவார். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது அம்மன் சொல்லாமல் விட்ட வார்த்தை. காரியம் முடிகிற வரைக்கும் அதைப் பூசாரி மாடத்தில் வைத்திருந்து பிறகு ஆற்றில் விட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் போனோம். எங்கள் வீட்டுக்குப் பெரியவன் நான்தான். பூசாரி சின்னண்ணன் வீட்டு வாசல் மரத்தில் இரண்டு நிறமும் பறித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மடித்தேன். ஒன்றில் வெள்ளரளி வைத்தேன். இன்னொன்றிலும் வெள்ளரளி வைத்தேன். செவ்வரளி என் சட்டைப் பையில் இருந்தது, வரும் வழியில் ஆற்றில் போட்டேன். கனிஷ்கா அம்மன் முன்னால் குந்தி உட்கார்ந்து, எதை எடுப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தாள். "சாமி, எதையாச்சும் ஒண்ணத் தொடு கண்ணு" என்று நான்தான் சொன்னேன். இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். வெள்ளை. கலைமணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அத்தனை நாள் கழித்து அவள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, நம்புங்கள். அம்மனுக்கு இஷ்டமில்லையென்றால் அந்தக் குழந்தையின் கையைத் தடுத்திருக்க மாட்டாளா. தடுக்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் மட்டும் போனோம். வெயில் ஜாஸ்தி, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிக் கலைமணியை வீட்டிலேயே இருக்க வைத்தேன். அங்கே ஹெல்மெட், பெல்ட் எல்லாம் சோதித்தார்கள். ஃபிளைவீல் உருக்குதான் என்று நான் பட்டறைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் ஓட்டம் பன்னிரண்டரை வினாடி. இரண்டாவது, பன்னிரண்டுக்கு ஒரு துளி மேலே. சக்கரம் தாங்கிவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, பல்லெல்லாம் சிரிப்பு. ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு சொன்னதுதான் யாருக்கும் தெரியாதது, அவரும் நானும் மட்டும் இருந்தோம்.

"போதுங்க மச்சான். பன்னெண்டு வந்தா என்ன, வராட்டி என்ன. ஆச தீந்துது. கெளம்பலாம், கலை சோத்த வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருப்பா."

அவர் போதும் என்றுவிட்டார் ஐயா. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தால், அடுத்த வாரம் யாரிடமோ விற்றிருப்பார், ஜூனில் மூன்று பேரும் ரயில் ஏறியிருப்பார்கள். நான் அவர் தோளில் கையைப் போட்டேன்.

"இத்தன தூரம் வந்துட்டு ஒரு துளியில உட்டுட்டுப் போறதாக்கு மாப்ள? மூணாவது கியர் மாத்தறப்ப இன்னும் ஐநூறு சுத்து ஏத்திப் புடிங்க. பன்னெண்டுக்குள்ள வரலீன்னா என்ர பேர மாத்திக்கறேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சானே சொன்னதுக்கப்பறம் என்னங்க" என்று ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பெல்ட்டை நான்தான் இழுத்துப் போட்டுவிட்டேன்.

பாதி தூரம் தாண்டவில்லை. சத்தம் ஒன்றுதான். ஃபிளைவீல் இருக்கிற இடத்துக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது, முதலிலேயே சொன்னேன். நான்தான் முதலில் ஓடினேன். சட்டையைக் கழற்றித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன், முடிந்ததை எல்லாம் செய்தேன், பார்த்தவர்கள் சாட்சி. அவருக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கலைகிட்டச் சொல்லாதீங்க மச்சான், பயந்துக்குவா" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழுதேன். அது வேஷம் இல்லை. நல்ல மனுஷர், எனக்கும் அவரைப் பிடிக்கும்.

அவருடைய கருமாதிக் காரியம் முடிந்த மறுநாள், பகல் பதினொரு மணி இருக்கும், கலைமணி பட்டறைக்கு வந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் மோகனூர் போயிருக்கிறாள். சின்னண்ணன் மாடத்துப் பொட்டலத்தை ஆற்றில் விட எடுத்துக்கொண்டு போனவரை நடுவழியில் நிறுத்தி வாங்கியிருக்கிறாள். பிரிக்கக் கூடாது என்று அவர் தடுத்ததற்கு, இனி எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றாளாம். என் பெஞ்சின்மேல் அதை வைத்துப் பிரித்தாள். பூ வாடிப் பழுப்பேறிப் போயிருந்தது. செவ்வரளி வாடினால் கறுத்துப்போகும், இது அது இல்லை என்று யாருக்கும் தெரியும்.

"செவ்வரளி எங்கீங்ண்ணா?"

"கெடைக்கல அம்மிணி" என்றேன்.

"பூசாரி ஊட்டு வாசல்ல மரமே நிக்குது." அவள் குரல் உயரவே இல்லை. பூவை மறுபடி மடித்தாள். "எம் புள்ள கையாலயாண்ணா எடுக்க வெச்சீங்க?" என்றாள். சருகை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அந்தச் சருகை வாங்கி வைத்துக்கொண்டு, இதை என்னவென்று எழுதுவது என்று நீங்கள் உங்கள் ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்டதை நான் வெளிப் பெஞ்சிலிருந்து கேட்டேன். இப்போது எழுதிக்கொள்ளலாம். ஃபிளைவீலைச் சீவியது நான், விரிசலைப் பார்த்தது நான், பூவை மாற்றியது நான், மூன்றாவது ஓட்டத்துக்கு அனுப்பியதும் நான். தெரிந்தேதான் செய்தேன். என் தங்கைக்காகச் செய்தேன்.

இதை ஒரு நகல் எடுத்து அவளிடம் கொடுங்கள். இப்போது கோபத்தில் இருப்பாள், ராய்ப்பூர் சிநேகிதர் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடுவதாகவும் கேள்விப்பட்டேன். போக மாட்டாள். முழுசாகப் படித்தால் அவளுக்குப் புரியும். பைபாஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கனிஷ்காவுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் வாங்கி வைத்திருக்கிறேன், யூனிஃபார்ம் தைக்க அளவு கேட்டிருக்கிறார்கள், ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்வரச் சொல்லுங்கள். படிவம் எல்லாம் நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு அலைச்சல் இல்லை. காப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. தகப்பனார் பெயர் கேட்ட இடத்தில் காலஞ்சென்ற நந்தகுமார் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஏப்ரல் பதினேழு என்று தேதியும் போட்டிருக்கிறேன்.